மூன்றாவது ஒழுகல்

அத்தான் நோட்டுப் புத்தகத்தில் தலைப்பே போட்டு வைத்திருந்தார்: 'ஒழுகல் எண் மூன்று.' அதற்குக் கீழே தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எல்லாம் கட்டம் கட்டி எழுதியிருந்தது.

"பதினொண்ணு," என்றார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "போன தடவை ஒம்பதுதான். நல்லாத்தான் முன்னேறியிருக்கு உன் ரப்பர்."

அவர் மனைவியின் தங்கை சின்னவள் படிப்பறையின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பலகைகள் பதித்த ஃபால்ஸ் சீலிங்கில், விளக்குக்கு ஒரு சாண் தள்ளி, தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்பு வட்டம். போன தடவையும் இதே இடம்தான். அதற்கு முந்தின தடவையும் இதே இடம்தான். கீழே மேசைமேல் பச்சை வாளி. அதன் பக்கத்தில் அத்தானின் புத்தகங்கள் பாயைப் போட்டு மூடப்பட்டு, ஏதோ பிணத்தைக் கிடத்தினாற்போல் இருந்தன.

அத்தான் முப்பத்தொரு வருஷம் தராசு செய்கிற தொழிற்சாலையில் சரிபார்க்கும் அதிகாரியாக இருந்தவர். ஓய்வு பெற்றும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் கதவு தரையோடு எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் சங்கச் செயலாளர் பதவியும் அவரிடம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வேறு யாருக்கும் அத்தனை பொறுமை இல்லை என்பதுதான் காரணம்.

கட்டடத்தின் மொட்டைமாடிக்கு ரப்பர் பூசும் வேலையைச் சின்னவளுக்கு வாங்கிக் கொடுத்தவள் அக்கா. அத்தானுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. "மச்சினிக்கு வேலை குடுத்துட்டான்னு நாலு பேர் பேசுவாங்க," என்று இழுத்தார். நாலு பேர் இல்லை, கட்டடத்தின் இருபது வீட்டிலும் பேசினார்கள். ஆனால் அந்த வருஷம் மேல்மாடி நாலு வீட்டிலும் மழை உள்ளேயும் பெய்தது. வேலையைச் சரியாகச் செய்கிற ஆள் என்று சின்னவளுக்கு ஊரில் பேரும் இருந்தது. 'ரப்பரம்மா' என்று சொன்னால் கட்டட வேலைக்காரர்களுக்குத் தெரியும். கடைசியில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவள் அந்த வேலையைச் செய்த விதம் அவளுக்கே திருப்தி தந்த ஒன்று. பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கவே மூன்று நாள். கழுவி, காய விட்டு, வெடிப்புகளைக் கீறி அடைத்து, அடிப்பூச்சு பூசி, தரையும் சுவரும் சேருகிற மூலை முழுக்க வலைத்துணியை ஒட்டி, அதன்மேல் ரப்பர். வாளியில் பார்க்கத் தயிர் மாதிரி இருக்கும். பூசி ஒரு நாள் ஆனால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், ஒட்டுப் போடாத ஒரே தோல். முதல் கை வடக்குத் தெற்காக, இரண்டாம் கை கிழக்கு மேற்காக. பல் வைத்த சின்னத் தகட்டை ஈரத்தில் குத்திக் கனம் பார்த்துக்கொண்டே வந்தாள். முடிந்த பிறகு வடிகால் வாய்களை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்தினாள். கீழே நாலு வீட்டிலும் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அத்தானே டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

முதல் மழைக்கு மற்ற மூன்று வீடும் சருகு போல் காய்ந்திருந்தன. அக்கா வீட்டுப் படிப்பறையில் மட்டும் சொட்டியது.

சின்னவள் ஓடி வந்து பார்த்தாள். மாடியில் யாரோ இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து காற்று வாங்கியிருந்தார்கள். நாலு காலும் நாலு குழி. ரப்பர் காய்வதற்குள் ஏறாதீர்கள் என்று கயிறு கட்டி, பலகை மாட்டி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லியிருந்தாள். பலகையை யாரோ திருப்பி வைத்து அதன்மேல் காபி டம்ளரை வைத்த வட்டம் கூட இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குழிகளை அடைத்தாள்.

இரண்டாவது மழைக்கும் அதே இடம். இந்தத் தடவை டிஷ் ஆன்டெனா மாட்ட வந்தவன் தரையிலேயே மூன்று திருகாணி இறக்கியிருந்தான். "ஸ்டாங்கா இருக்கணும்ல," என்றான் போனில், பெருமையாக. அதையும் பிடுங்கி, அடைத்து, துணி ஒட்டி, மேலே பூசினாள்.

இப்போது மூன்றாவது.

"ஞாயித்துக்கிழமை பொதுக்குழு," என்றார் அத்தான், நோட்டை மூடி. "நானா கூட்டல. ஆளாளுக்குக் கேக்குறாங்க. ரப்பரை உரிச்சுப் போட்டுட்டுத் தகரக் கூரை போட்டுடலாம்னு ஒரு பேச்சு ஓடுது. செயலாளரா நான் என்ன பதில் சொல்றது, நீயே சொல்லு."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சிடுறேன் அத்தான்."

"போன தடவையும் கண்டுபிடிச்ச. அதுக்கு முந்தியும் கண்டுபிடிச்ச."

சமையலறை வாசலில் நின்ற அக்கா ஏதோ சொல்ல வந்தவள்போல் உதட்டைப் பிரித்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குச் சின்னவள் மொட்டைமாடியில் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்தாள். அவளோடு பல வருஷமாக ரோலர் பிடிக்கிறவர் ஒருவர் உண்டு; ஐம்பது தாண்டியவர். எந்தப் பேச்சையும் பாதியில் நிறுத்திவிடுவார் என்பதால் அவருக்குப் 'பாதி' என்றே பேர். மீதியை எதிரில் இருப்பவர்தான் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். இருவரும் மாடியைச் சுண்ணாம்புக் கோட்டால் கட்டம் கட்டிப் பிரித்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு ஈரத்துணி என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். ஊசி முனைத் துளை இருந்தாலும் ஈரம் காயும்போது அங்கே ஒரு கறுப்புப் புள்ளி நிற்கும். ஒன்றும் நிற்கவில்லை. வெயில் முதுகைத் தோசைக்கல்லாக்கியது. முட்டியில் கட்டிய பஞ்சு நனைந்து கனத்தது. மருத்துவமனை ஒன்றின் மாடி வேலை அவளுக்காகக் காத்திருந்தது. அந்த மேனேஜர் காலையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டிருந்தார். நாலு தடவையும் அவள் எடுக்கவில்லை.

"நம்ம பூச்சுல ஒண்ணும்..." என்றார் பாதி.

"ஒண்ணும் இல்லைன்னா தண்ணி எங்கேருந்துண்ணே வருது? ஆகாசத்துலேருந்து நேரா மேசைமேல விழுதா?"

"அதான் நானும், காத்து அடிச்சா..."

"காத்தாவது மண்ணாவது. அந்த மூலையைத் துடைங்க."

பாதி துடைத்தார்.

மறுநாள் தண்ணீர் கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். மொத்த மாடிக்கும் கட்டினால் எங்கே ஓட்டை என்று தெரியாது. அதனால் களிமண்ணை உருட்டி வரப்புப் போல் வைத்து, படிப்பறைக்கு நேர் மேலே உள்ள பகுதியை ஆறு பாத்தியாகப் பிரித்தாள். ஒவ்வொன்றிலும் நாலு விரல்கடை தண்ணீர், பாத்திக்கு அரை நாள். கீழே அக்கா படிப்பறையில் காவல்.

முதல் பாத்தி நிறைவதற்குள் இரண்டாம் மாடிக்காரர் படியேறி வந்துவிட்டார். குளிக்கப் போனவர் தலையில் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏம்மா, தொட்டித் தண்ணியைப் பூரா மாடியில ஊத்தி விவசாயமா பண்றீங்க?"

அவருக்கு விளக்கம் சொல்லி அனுப்பினாள். அடுத்து நாலாம் மாடி. அதற்கு அடுத்து அத்தானே வந்தார், டேப்போடு. பாத்தியில் டேப்பை நிறுத்தி ஆழம் பார்த்தார்.

"இது ஏழரை சென்டி. அது ஏழு. ஒரே அளவா இருந்தாத்தான் பரிசோதனை."

"அத்தான், மாடி வடிகாலைப் பாத்துச் சரிவா இருக்கு. தண்ணி சரிவுக்குத் தக்கனதான் நிக்கும்."

"அப்ப பரிசோதனையே தப்புங்கற."

அவள் களிமண் கையைத் தன் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று தெரிந்தது. அக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த மனிதரோடு பேசிப் பேசித்தான் இவளுக்கு வாயைக் கட்டிக்கொள்ளும் பழக்கமே வந்தது.

மூன்று நாள் ஆயிற்று. ஆறு பாத்தியும் நிறைந்து வடிந்தது. கீழே ஒரு சொட்டும் இறங்கவில்லை. அக்கா ஒவ்வொரு மணிக்கும் கீழேயிருந்து "காய்ஞ்சுதான் இருக்குடி" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேறு வேலையாக இருந்தால் அந்தச் சொல் சின்னவளின் காதில் தேனாக விழுந்திருக்கும். இப்போது ஒழுகவில்லையே என்று அவளுக்கு அழுகை வந்தது. ஒழுகாத மாடிக்கு அடியில் ஒழுகுகிற அறை. அத்தான் நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார்: 'தண்ணீர் கட்டினால் ஒழுகாது. மழை பெய்தால் ஒழுகும். ஒப்பந்தக்காரரிடம் விளக்கம் இல்லை.'

"இதை அப்படியே வாசிக்கத்தான் போறேன்," என்றார். "நான் எந்தப் பக்கமும் சாயலை. உள்ளதை எழுதறேன்."

சனிக்கிழமை காலை, கூட்டத்துக்கு ஒரு நாள் இருக்கையில், சின்னவள் அக்காவின் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாதி வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். அத்தான் கூட்டத்துக்கான அறிக்கையை நகலெடுக்கக் கடைக்குப் போயிருந்தார்.

"என்ன மாயமோ தெரியல," என்றாள் சின்னவள். "பத்தொம்பது வருஷத்துல இப்படி ஒரு மாடி என்னைப் பாடாப் படுத்தினதில்ல. வர்ற வழியில தகரக் கூரைக்காரன் அளவெடுக்க வந்து நிக்கிறான். என்னைப் பாத்துச் சிரிக்கிறான்."

அக்கா பாத்திரத்தை அலம்பிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "செவ்வாக்கிழமை நாள் பூரா பெய்ஞ்சுதே. அன்னைக்கு ஒரு சொட்டு வரல."

சின்னவள் டம்ளரை வாயிலிருந்து இறக்கினாள்.

"என்ன சொன்ன?"

"செவ்வாக்கிழமை. நீ தண்ணி கட்டுறதுக்கு முந்தின வாரம். காலையில புடிச்ச மழை ராத்திரிதான் விட்டுச்சு. நேரா, நூல் புடிச்ச மாதிரி பெய்ஞ்சுது. சொட்டல."

"அதை ஏன் அப்பவே சொல்லல?"

அக்கா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

"நான் சொல்லல?" என்றார் வாசற்படியிலிருந்து பாதி. "காத்து அடிச்சா..."

சின்னவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். இந்த மனுஷன் அன்றைக்கே வாக்கியத்தை முடித்திருந்தால் மூன்று நாள் மிஞ்சியிருக்கும். தான் அவரை முடிக்க விட்டிருந்தாலும் மிஞ்சியிருக்கும். ஒழுகிய மூன்று மழையும் சாய்ந்து அடித்த மழை. மேற்கிலிருந்து வந்த மழை. தண்ணீர் மேலேயிருந்து வரவில்லை, பக்கத்திலிருந்து வருகிறது.

படிப்பறைக்கு மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு சின்ன பால்கனி. கூரை இல்லாதது. ஏசியின் வெளிப்பெட்டி அங்கேதான் இருந்தது. பெட்டியிலிருந்து கறுப்பு உறை சுற்றிய குழாய் ஒன்று சுவரோடு ஏறி, உச்சியில் ஒரு வெள்ளை வட்ட மூடிக்குள் நுழைந்தது. பளிச்சென்று, அழகான மூடி. இந்த மூன்று வாரத்தில் அவள் இந்தப் பால்கனிக்கு இரண்டு தடவை வந்திருக்கிறாள். இரண்டு தடவையும் அந்த மூடி கண்ணில் பட்டது. பட்டதோடு சரி.

ஏணியைப் போட்டு ஏறினாள். மூடியை நகத்தால் நெம்பினாள்; கையோடு வந்துவிட்டது. பின்னால் முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. நடுவில் குழாய் தொங்கியது. சுற்றிலும் ஒன்றுமில்லை, ஒரு பிடி சிமெண்டு கூட இல்லை. விரலை விட்டுப் பார்த்தாள். ஓட்டை வெளிப்பக்கம் சரியவில்லை, வீட்டுக்குள் சரிந்தது. விழுகிற தண்ணீரை வா வா என்று உள்ளே கூப்பிடும்படி துளைத்திருந்தார்கள்.

"அக்கா, இந்த ஏசி பெட்ரூம்லதான இருந்துது?"

அக்கா பால்கனிக் கதவருகே நின்றாள். "மாத்தினார்."

"எப்ப?"

"நீ மேல ரப்பர் பூசிட்டிருந்தல்ல, அந்த வாரம். ஆளைக் கூப்பிட்டா நேரா வைக்கத் தெரியாதுன்னு, அவரே மிஷினை வாங்கிட்டு வந்து துளைச்சார்."

அந்த டிரில் சத்தம் சின்னவளுக்கு நினைவு வந்தது. மேலே உட்கார்ந்து வலைத்துணி வெட்டும்போது காலடியில் தரை அதிர்ந்தது. யாரோ அலமாரி மாட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மாடிக் குழாயிலிருந்து ஒரு ஹோஸை இழுத்துக் கீழே விட்டார்கள். பாதி மேலே நின்று திறந்தார். சின்னவள் ஏணியில் நின்று, மேற்கு மழை அடிக்கிற மாதிரியே, ஓட்டையைச் சுற்றிச் சுவரில் பீச்சினாள். அக்கா படிப்பறையில் நின்றாள்.

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

"விழுது," என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

சின்னவள் ஓடி வந்து பார்த்தாள். விளக்குக்கு ஒரு சாண் தள்ளி, அதே வட்டத்தில், முதல் சொட்டு. இரண்டாவது. குழாய் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அறையின் குறுக்கே போகிறது, நடுவில் தொய்ந்திருக்கிறது, தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து, தொய்ந்த இடத்தில் இறங்குகிறது. அவ்வளவுதான் விஷயம். இதற்காக அவள் ஒரு மாடி முழுக்கத் தவழ்ந்திருக்கிறாள்.

அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆச்சரியம் என்று ஒன்றுமே இல்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள் சின்னவள்.

"நிச்சயமாத் தெரியாது."

"சந்தேகம் இருந்துதா இல்லையா?"

அக்கா பச்சை வாளியைச் சொட்டுக்கு நேராக நகர்த்தினாள். "ரெண்டாவது தடவை, அந்தப் பக்கமிருந்து சாரல் அடிச்சப்ப லேசா தோணுச்சு. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். 'நான் துளைச்சது ஒழுகுமா'ன்னு ஒரே பார்வை. அதுக்கு மேல கேட்டா மூணு நாளைக்கு வீட்ல பேச்சு இருக்காது, தட்டு முன்னால உக்காந்து சுவரைப் பாத்துச் சாப்பிடுவார். நீ வந்து பாத்தா நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன். நீ கண்டுபிடிச்சா அது தொழில்காரி சொன்னது. நான் சொன்னா பொண்டாட்டி சொன்னது."

"பதினெட்டு நாள் அக்கா. முட்டியைப் பாரு."

பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு முட்டியும் தோல் வழன்று சிவந்திருந்தன. அக்கா பார்த்தாள், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். திட்ட வேண்டும் என்றுதான் சின்னவளுக்கு இருந்தது.  ஆனால் யாரைத் திட்டுவது? இவளைத் திட்டினால் இவள் அழுவாள், அழுதால் தானே சமாதானமும் செய்ய வேண்டும். எரிச்சலோடு எரிச்சலாக அதையும் விழுங்கினாள்.

அத்தான் நகல்கட்டோடு வந்தார். பாதி மறுபடி குழாயைத் திறந்தார். அத்தான் சொட்டுவதைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், மறுபடியும் சொட்டைப் பார்த்தார். கைக்கடிகாரத்தை வைத்து எண்ணவும் செய்தார்.

"பன்னெண்டு," என்றார்.

"அத்தான், தண்ணி இங்கேருந்துதான் வருது."

"இங்கேருந்தும் வருது," என்று திருத்தினார். "ரெண்டு காரணமும் சேர்ந்து இருக்கலாம். ஒண்ணு நிரூபணம் ஆனதால இன்னொண்ணு இல்லைன்னு ஆயிடாது."

"மூணு நாள் மேல தண்ணி கட்டினேனே."

"அதுல அளவு சரியில்லைன்னு அன்னைக்கே சொன்னேன்."

நகல்கட்டை அலமாரியில் வைத்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. அதை மட்டும் அவரால் மறைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். சங்கத் தலைவி மூன்றாம் மாடிப் பல் டாக்டர். வளவளவென்று பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. வாயைத் திறந்தவர் மூடும் வரை காத்திருப்பதே அவர் தொழிலாக இருந்ததால் இருக்கலாம். தகரக் கூரைக்காரன் ஒரு தூணில் சாய்ந்து நின்றான். சின்னவள் பின்வரிசையில் பாதியோடு உட்கார்ந்திருந்தாள்.

அத்தான் எழுந்து வாசித்தார். பழைய அறிக்கை இல்லை. இரவோடு இரவாக மாற்றி எழுதியிருந்தார். "ஒழுகலுக்கான மூலகாரணம் ஆராயப்பட்டு, மேற்குப் பகுதியில் ஒரு இடைவெளி கண்டறியப்பட்டது. அது ஒப்பந்தக்காரரால் சரிசெய்யப்பட உள்ளது."

"அப்ப ரப்பர்ல ஓட்டை இருந்துருக்கு," என்றார் சோப்பு நுரைக்காரர்.

"பல காரணிகள் இருக்கு," என்றார் அத்தான்.

"அப்படின்னா உரிச்சுப் போட்டுட்டுத் தகரமே போடலாமே. எத்தனை தடவைதான் ஒட்டுப் போடறது?"

நாலைந்து தலைகள் ஆடின. சின்னவள் எழுந்தாள். "ஒரு நிமிஷம், அந்த இடைவெளி மாடியில இல்ல..."

"நீங்க உக்காருங்கம்மா," என்றார் பல் டாக்டர். "செயலாளர் முடிக்கட்டும். அப்புறம் உங்களுக்கு நேரம் தர்றேன்."

உட்கார்ந்தாள். உட்கார வைத்துவிட்டார்களே என்பதைவிட, தான் உட்கார்ந்துவிட்டோமே என்பதுதான் அவளைச் சுட்டது. அத்தான் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. உரக்கவும் இல்லை, தயங்கவும் இல்லை.

"ஓட்டை எங்க வீட்டுச் சுவத்துல. ஏசிக்கு எங்க வீட்டுக்காரர் துளைச்சது. அடைக்க மறந்துட்டார். மாடியில ஒரு ஓட்டையும் கிடையாது."

அக்கா. உட்கார்ந்தபடியேதான் சொன்னாள், மடியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு. யாரையும் பார்க்கவில்லை.  மேலே எங்கோ ஒரு வீட்டில் குக்கர் மட்டும் விசில் அடித்தது. பிறகு யாரோ கனைத்தார்கள். யாருக்கோ சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டது கேட்டது.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. "அது... ஆமா. அதுவும் அறிக்கையில சேர்க்கப்படும்," என்றார்.

தகரக் கூரைக்காரன் தூணை விட்டு நகர்ந்து, செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே போனான். ரப்பர் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

இதோடு முடிந்திருந்தால் சின்னவள் நிம்மதியாக எழுந்து போயிருப்பாள். கூட்டம் கலைகிற நேரத்தில், பின்னால் இருக்கிற இரண்டாவது கட்டடத்தின் மாடிக்கும் இதே பூச்சு பூசுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. அது அவளுக்கு என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள்.

"வேற ரெண்டு மூணு பேரையும் கேட்டுப் பாப்போம்," என்றார் பல் டாக்டர், எழுந்து கொண்டே. "தப்பா நெனைக்காதீங்க. உங்க வேலையில குறை இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. ஆனா உறவு நடுவுல வந்தா எல்லாமே இப்படித்தான் சிக்கலாகுது."

சின்னவள் தலையை ஆட்டினாள். குறை இல்லை என்று நிரூபித்ததற்கு இதுதான் பலன் போல.

"இதுக்கு நாம பேசாம ஒழுகவே..." என்றார் பாதி. இந்தத் தடவை மீதி அவளுக்கு உடனே புரிந்தது.

திங்கட்கிழமை அவள் மட்டும் வந்தாள். பாதியை மருத்துவமனை மாடிக்கு அனுப்பியிருந்தாள். அக்கா வீட்டில் பேச்சு இல்லை. அக்கா மட்டும் ஏதோ பாரம் இறங்கியவள்போல் சமையலறையில் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள். அத்தான் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

ஓட்டையின் அடிப்பக்கம் சிமெண்டை வைத்து, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவை மாற்றினாள். அது இறுகிய பிறகு குழாயைச் சுற்றி அடைப்புப் பசையைத் திணித்தாள். வலைத்துணியை வட்டமாக வெட்டி, நடுவில் கத்தரித்துப் பூவிதழ்போல் விரித்து, குழாய்மேல் பாதி, சுவர்மேல் பாதி படியும்படி ஒட்டினாள். ரப்பர் வாளியைத் திறந்து கலக்கிக்கொண்டிருக்கும்போது ஏணியின் அடியில் ஒரு நிழல் விழுந்தது.

அத்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் பிடிக்கச் சொல்லவில்லை.

"இடது பக்கம் கொஞ்சம் மேல வரணும்," என்றார்.

"வருது அத்தான்."

"அந்த மடிப்புல காத்து நிக்குது பாரு."

"இன்னும் பூசவே இல்லையே."

 பிறகு தொண்டையைச் சரி செய்துகொண்டார். "துளைச்சவன் நான். அடைக்கிறதும் நானா இருந்தாத்தான்... அதாவது, கொஞ்சம் குடேன் அந்த பிரஷ்ஷை."

மன்னிப்பு என்று அவர் அகராதியில் இருப்பது இவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். இறங்கி வந்து பிரஷ்ஷைக் கொடுத்தாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அவள் ஏணியைப் பிடித்தாள்.

பிரஷ்ஷை வாளியில் காம்பு வரை முக்கினார். எடுத்த எடுப்பில் ரப்பர் வழிந்து முழங்கையில் ஓடியது. துணிமேல் அப்பினார், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் துணியின் கண் தெரிந்தது. பூவிதழ் ஒன்று பிரஷ்ஷோடு பிய்ந்து வந்தது. அதை விரலால் திரும்ப ஒட்டி, விரலைச் சுவரில் துடைத்தார். ஒரு சொட்டு சின்னவளின் தலையில் விழுந்தது. இது முடியோடுதான் போகும், கத்தரிக்கத்தான் வேண்டும். "மெல்லிசா, ஒரே பக்கமா இழுங்க," என்றாள். "அதைத்தான் பண்றேன்," என்றார் அத்தான், குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக்கொண்டே.

முடித்து இறங்கி, இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்தார். டேப்பை எடுத்து நீளம் அகலம் பார்த்துக்கொண்டார்.

"இனி ஒரு சொட்டு வராது," என்றார்.

"வராது அத்தான்."

"முறையாப் பண்ணினா ஏன் வருது?"

கை கழுவ உள்ளே போனார். சமையலறையில், கூட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாக, மண்ணெண்ணெய் எங்கே இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டது காதில் விழுந்தது. அக்கா ஏதோ சொன்னாள். அவர் அதற்குத் திருப்பி ஏதோ சொன்னார். பேச்சு நீண்டது.

சின்னவள் பால்கனிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். ஏணியில் ஏறி, ரப்பர் ஈரமாக இருக்கும்போதே அவர் பூசியதையெல்லாம் பட்டைக்கத்தியால் வழித்துப் பழைய டப்பாவில் போட்டாள். துணியையும் பிய்த்தாள். சுவரைத் துடைத்தாள். புதுத்துணியில் இன்னொரு வட்டம் வெட்டி, ஆரம்பத்திலிருந்து தொடங்கினாள்.